மட்டாஞ்சேரிக்கு ஒரு முழுப் பகல் கொடுங்கள்

கொச்சிக்குப் போகிற நம்மவர்களில் பலர் சீன வலை முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, யூதத் தெருவில் ஏலக்காயும் மிளகும் வாங்கி, இரண்டு மணி நேரத்தில் மட்டாஞ்சேரியை முடித்துவிடுகிறார்கள். அப்புறம் ஆலப்புழைக்கு வண்டி. அது பெரிய இழப்பு. இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கமாக வாழும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நானும் சித்தப்பாவும் எர்ணாகுளத்திலிருந்து காலைப் படகில் போனோம். முதலில் அரண்மனை. டச்சு அரண்மனை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் 1555 வாக்கில் அதைக் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர். டச்சுக்காரர்கள் 1663க்குப் பிறகு பழுதுபார்த்தார்கள். உள்ளே ராமாயண ஓவியங்கள், வளாகத்தில் பழையன்னூர் பகவதி கோவில். அந்தக் கோவிலுக்குச் சுவரோடு சுவராக நிற்கிறது 1568இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் ('பரதேசி' என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்). கொடுங்கல்லூர்ப் பக்கம் போர்ச்சுகீசியரிடம் அடிபட்டு வந்த யூதர்களுக்குத் தன் அரண்மனையை ஒட்டியே ராஜா இடம் கொடுத்திருக்கிறார். கோவாவில் மதமாற்ற நெருக்கடி தாங்காமல் வந்த கொங்கணிகளும் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுடைய திருமலை தேவஸ்வம் கோவில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

யூத ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தரை முழுக்க சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள், எல்லாம் கையால் வரைந்தவை. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையை வழங்கிய செப்பேடு இந்தச் சமூகத்தின் சொத்து. அது தமிழின் பழைய எழுத்தான வட்டெழுத்தில் வெட்டப்பட்டது என்றதும் சித்தப்பாவுக்கு ஒரே பரவசம். கல்வெட்டுப் பைத்தியம் அவர்.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது ஏ.பி. சாலமின் கதை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சத்தில் வந்த வழக்கறிஞர் அவர். அந்த வம்சத்தாரும் யூதர்கள்தான், ஆனாலும் இந்த ஆலயத்தில் மற்றவர்களோடு சமமாக உட்கார அவர்களுக்கு உரிமை கிடையாது. காந்தி வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அந்த வழக்கத்தை அவர் அசைத்தார். 'யூத காந்தி' என்று பெயர் வாங்கியது அதனால்தான். மதநல்லிணக்கம் என்று பேசும்போது நாம் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறோம். ஆலய நுழைவுக்காக நம் ஊரில் நடந்த போராட்டங்களை அறிந்தவர்கள் அந்தக் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.

1950களில் பெரும்பாலான யூதர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கடைசிவரை தங்கிய மூதாட்டி ஒருவர் 2019இல் 96 வயதில் இறந்தார். அவருடைய பூவேலைக் கடையைக் கவனித்துக்கொண்டதும், வயதான காலத்தில் அவரையே பார்த்துக்கொண்டதும் ஒரு முஸ்லிம் குடும்பம்.

மதியம் குஜராத்தி ரோட்டு ஜைனர் கோவிலில் புறாக்களுக்குத் தீனி போடுவதைப் பார்த்தோம். செம்பிட்டப் பள்ளியை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது, தொழுகை நேரம். 16ஆம் நூற்றாண்டு மசூதி, செம்புத் தகடு வேய்ந்த கூரையால் வந்த பெயர். சரிவுக் கூரையும் மரவேலையும் அப்படியே கேரளக் கோவில் கட்டுமானம். 1653இல் போர்ச்சுகீசியப் பாதிரிமாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று நஸ்ராணிகள் என்ற கேரளக் கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்த கூனன் குரிசு (சாய்ந்த சிலுவை) இடமும் மட்டாஞ்சேரியில்தான். எல்லாருக்கும் சிலுவையைத் தொட இடமில்லாததால் அதில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்களாம்.

மாலையில் ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் உள்ள தோபி கானாவுக்குப் போனோம். தமிழர்கள் தவறவே விடக்கூடாத இடம். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்த வண்ணார் குடும்பங்களின் சந்ததியினர் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். முறுக்கிய கயிறுகளின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே கிடையாது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் பேசுவதைக் கேட்டதும், "தமிழா? எந்த ஊரு தம்பி?" என்றார். மலையாள ராகத்தில் தமிழ். மதுரை என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார் சித்தப்பா.

"இதுதான். வேற எது?"

வெள்ளை வேட்டி, பாதிரியார் அங்கி, பள்ளிக்கூட யூனிபார்ம், ஓட்டல் விரிப்பு எல்லாம் ஒரே கயிற்றில் காய்வதைக் காட்டி, எந்தப் பண்டிகைக்கு எந்த வீட்டுத் துணி முன்னாடி வரும் என்று வரிசையாகச் சொன்னார். ரம்ஜானுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மூச்சுவிட நேரமிருக்காதாம். அவர்கள் பிள்ளைகளில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் போனதிலேயே நிதானமாக உட்கார்ந்து பேச முடிந்த இடம் அது. போகிறவர்கள் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

நாள் பார்த்துப் போங்கள். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூத ஆலயத்துக்குச் சனிக்கிழமை. செவ்வாய், புதன் என்றால் கூட்டமும் குறைவு.