வலசைப் பறவைகளைப் போலத் திரும்பும் தேதி குறிக்காமல் பயணம் போகலாமா?

கேள்வி: பெரும்பாக்கம்வாசி

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலை வழியாகப் பதினோரு ஆண்டுகளாக வேலைக்குப் போய் வருகிறேன். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் வந்து இறங்குகின்றன. பங்குனியில் ஒருநாள் காலையில் பார்த்தால், நேற்றுவரை நிறைந்திருந்த நீர்ப்பரப்பு வெறிச்சோடிக் கிடக்கிறது. இதைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் ஓர் ஆசை வளர்ந்துவிட்டது. வரும் பொங்கலுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, ஓராண்டுக்குப் போதுமான சேமிப்போடு, திரும்பும் தேதியோ ஊர்ப் பட்டியலோ இல்லாமல் கிளம்ப நினைக்கிறேன். பறவை எந்தத் திட்டமும் இல்லாமல் போகிறதே, நம்மால் முடியாதா? அம்மாவோ, "எந்த ஊருக்கு என்றே தெரியாதவளுக்கு நான் எத்தனை வேளைக்குச் சோறு கட்டுவது?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. பறவைகளை அறிந்தவர்களும் இப்படிப் பயணம் போனவர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கோடியக்கரை நண்பன்

உங்கள் ஆசையை மதிக்கிறேன், சகோதரி. ஆனால் பறவை திட்டமில்லாமல் போகிறது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்ததை, அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி காட்டியது. இந்த இனம் கிளம்புவதற்கு முன் உடலில் கொழுப்பை நிறைத்துக்கொள்கிறது, குடலைச் சுருக்கிக்கொள்கிறது, பின்காற்று வீசும்வரை கரையிலேயே காத்திருக்கிறது. கூண்டில் அடைபட்ட வலசைப் பறவைகள்கூட, பருவம் வந்ததும் இரவில் உறங்காமல், போக வேண்டிய திசையை நோக்கியே தாவிக்கொண்டிருக்கும். திசை அதனுடன் பிறந்தது. கிளம்பும் நாளைத்தான் காற்றும் உடம்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

கோடியக்கரையின் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து ஒரு கொசு உள்ளானை அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன். கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பறவை ஆர்க்டிக் பகுதியில் பிறந்தது. தலை நிமிராமல் சேற்றைக் குத்திக் குத்தித் தின்றுகொண்டே இருந்தது. வழியில் தங்கித் தின்பதும் வலசையின் பகுதிதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகவே அம்மாவிடம் திசையையும் பருவத்தையும் சொல்லுங்கள்; தேதியை மட்டும் திறந்து வையுங்கள்.

மறுமொழி 2: மாம்பலம் பயணி

மேலே நண்பர் சொன்னது சரியே. இருந்தாலும், ஒரே தடத்தில் போகாத பறவைகளும் உண்டு. சூறைக்குருவிகள் நடு ஆசியாவில் வெட்டுக்கிளி மிகுந்த இடமாகப் பார்த்துக் கூடு கட்டுவதால், சென்ற ஆண்டு இருந்த இடத்தில் இந்த ஆண்டு இருப்பதில்லை. நீங்கள் விரும்பும் பயணத்துக்கு அதுவே நெருக்கமான முன்மாதிரி என்று நினைக்கிறேன்.

நான் ஏழு மாதம் இப்படிச் சுற்றினேன். இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என்று ஓடியதால் மூன்றாம் மாதத்திலேயே அலுத்துப்போய், ஒரு பேருந்து நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில் எந்த வண்டியிலும் ஏற மனமில்லாமல் மாலைவரை உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு ஓர் ஊரில் பதினைந்து நாளாவது தங்குவது என்று வைத்துக்கொண்டேன். வேடந்தாங்கலை ஒட்டிய கிராமத்தில் அப்படித் தங்கியபோதுதான், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை விவசாயிகள் வாயிலிருந்தே கேட்டேன். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். திரும்பி வந்து வேலை தேடும் மாதங்களுக்கு அது வேண்டும்.

மறுமொழி 3: திருவான்மியூர் ஆசிரியை

நம் மொட்டைமாடிகளுக்கு மேல் கூட்டமாகப் பறக்கும் தட்டான்களில் ஒரு வகை, இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா போகிறது என்று கடலுயிர் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். போன தட்டான் திரும்புவதில்லை. அதன் வழிவந்த தலைமுறைகளே திரும்புகின்றன. உங்கள் அம்மா கேட்பது சோற்றைப் பற்றி அல்ல. போகிறவள் திரும்புவாளா என்று கேட்கிறார்.

கேட்டவரின் பதில்: பெரும்பாக்கம்வாசி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் பேசினேன். தை கடைசியில் பழவேற்காட்டில் தொடங்கி, பூநாரைகளைப் பார்த்துவிட்டு, கடலோரமாக வடக்கே ஒடிசாவின் சிலிகா ஏரிவரை போவதாகச் சொன்னேன்; அடுத்த மழைக்குள் வீட்டில் இருப்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பழவேற்காட்டுக்கு ஒரு வேளை புளிச்சோறு போதும் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார். அங்கே மீனவர் குடும்பங்களோடு பதினைந்து நாள் தங்க இடம் கிடைக்குமா என்பதை யாரேனும் அறிந்தால் தெரிவியுங்கள்.