வியட்நாம் பயணம்: போய் வந்தபின் ஒரு புதுப்பிப்பு

போன மாதம், முதல் தடவை ஹனோய் போவதற்குச் சேர்த்துவைத்த குறிப்புகளை இங்கே எழுதியிருந்தேன். போய் வந்தாச்சு. இரண்டு இடத்தில் நான் சொன்னது போதவில்லை.

முதலில் காசு. வியட்நாம் பணமான டாங் தாள்களைப் பிரித்தறிய "சைபர்களை எண்ணினால் போதும்" என்று எழுதியிருந்தேன். போதாது. 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். ஹோவான் கியெம் ஏரிக்கரையில், இருட்டும் நேரத்தில், இளநீருக்குப் பெரிய தாளை நீட்டிவிட்டேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்ப முடியாது, அதனால் பெரிய தாள்களை வேறு பையில் வையுங்கள்.

அப்புறம், சைவச் சாப்பாடு. "இறைச்சி வேண்டாம்" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினால் கீரைப் பொரியல் வரும், அதில் மீன் சாறு இருக்கும். கேட்கவேண்டிய சொல் "அன் சாய்". (நம்மூர் டீ இல்லை!) பௌத்த வழக்கப்படி சைவம் சாப்பிடுவது என்று அர்த்தம். கடைப் பலகையில் 'சாய்' (Chay) என்று இருந்தால் தைரியமாக நுழையலாம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உள்ளூர்க்காரர்களே அங்கே கூடிவிடுவார்கள்.

சாலையைக் கடப்பது பற்றி எழுதியது சரிதான்: ஒரே வேகத்தில் மெதுவாக நடங்கள், பைக்குகள் விலகிப் போகும். நடுவில் பயந்து பின்வாங்காதீர்கள். கார், பஸ் வந்தால் மட்டும் நின்றுவிடுங்கள், அவை விலகாது.