பட்டன் போனுக்கு மாறினால் கவனம் திரும்புமா?

மெய்ப்பாளன் எழுதியது:
நான் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவன். ஓய்வூதியம் பற்றிய ஒரு நூலில் ‘பணி நிறைவு’ என்று இருக்க வேண்டிய அத்தியாயத் தலைப்பு, என் கையைக் கடந்து ‘பனி நிறைவு’ என்றே அச்சேறிவிட்டது. அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது மேசைமேல் கிடந்த ஸ்மார்ட்போன் ஒளிர்ந்ததும், அதை எடுத்துப் பார்த்தவன் கால் மணி நேரம் கழித்தே தாளுக்குத் திரும்பியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வாரமே 4ஜி பட்டன் போன் ஒன்றை வாங்கிச் சிம்மை அதற்கு மாற்றினேன். ஏழு மாதங்கள் ஆகின்றன. இப்போது 16 பக்கங்களை நாற்காலியை விட்டு எழாமல் முடிக்கிறேன். மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும், கருவியை மாற்ற வேண்டியதில்லை என்று சொல்பவர்கள், விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் அடுத்த காணொளியைக் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு செயலியின் முன்னால் அந்தக் கட்டுப்பாடு ஒரு நாளைக்கு எத்தனை முறை தாங்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

தென்றல் எழுதியது:
ஐயா, உங்கள் வேலை சீரானதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் உங்கள் கணக்கில் வீடு விடுபட்டிருக்கிறது. என் கணவரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டன் போனுக்கு மாறினார். யுபிஐ செயலியைப் பயன்படுத்த, வங்கியில் பதிவான எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். ஆகவே அவர் சிம்மைக் கழற்றிய நாளிலிருந்து மின்கட்டணம், பால் கணக்கு, பிள்ளையின் வேன் கட்டணம் எல்லாம் என் போனுக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் வண்ணத்தாள் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு அறிவிப்பு வரும். அதைப் பார்ப்பதும் நான்தான், கடை அடைப்பதற்குள் ஓடுவதும் நான்தான். அவர் அமைதியாகப் புத்தகம் படித்தார். அவரை விட்டு நீங்கிய தொல்லை வீட்டுக்குள்ளேயே கைமாறி என்னிடம் வந்ததை அவர் ஓராண்டு வரை கவனிக்கவே இல்லை.

கரும்பலகை எழுதியது:
இருவருமே கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2025 பிப்ரவரியில் ‘பிஎன்ஏஎஸ் நெக்சஸ்’ ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்றில், 467 பேரின் ஸ்மார்ட்போன்களில் இணையத்தை மட்டும் இரண்டு வாரங்களுக்குத் தடுத்து, அழைப்பையும் குறுஞ்செய்தியையும் அப்படியே விட்டுவைத்தார்கள். கணினியில் இணையம் பார்க்கவும் தடையில்லை. அந்த அளவுக்கே அவர்களுடைய தொடர்கவனமும் மனநலமும் மேம்பட்டன. யாரும் போனைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். காணொளிச் செயலிகளை நீக்கிவிட்டு, பணம் செலுத்தும் நேரத்தில் மட்டும் டேட்டாவைத் திறந்தால், மெய்ப்பாளன் விரும்பும் அமைதியும் தென்றல் அம்மா கேட்கும் பொறுப்பும் ஒரே போனில் கிடைக்குமே!

மெய்ப்பாளன் எழுதியது:
கரும்பலகை ஐயா, நீங்கள் காட்டிய ஆய்வையே நானும் சான்றாகக் கொள்கிறேன். அதில் இரண்டு வாரங்களில் பத்து நாட்களாவது தடையை நீக்காமல் இருந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். இத்தனைக்கும் அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். நானும் செயலிகளை மூன்று முறை நீக்கியிருக்கிறேன். மூன்று முறையும் ஒரு வாரத்துக்குள் அவற்றைத் திரும்ப நிறுவியிருக்கிறேன். தடையை நீக்க ஒரு நொடி போதும் என்றால், சோர்ந்திருக்கும் இரவில் அந்த நொடி வந்தே தீரும். பட்டன் போனில் நீக்குவதற்கு எதுவுமில்லை.

தென்றல் அம்மாவின் பதிலை இரண்டு நாட்களாக மனத்தில் வைத்திருந்தேன். நேற்று என் மனைவியிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தம் போனைத் திறந்து காட்டினார். அந்த மாதம் அவர் செலுத்திய 19 தொகைகளில் 11 நான் செலுத்தியிருக்க வேண்டியவை.

படகுத்துறை எழுதியது:
மாற நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. விலை குறைந்த பல பட்டன் போன்களில் தமிழ்க் குறுஞ்செய்தி வெறும் கட்டங்களாகத் தெரிகிறது. என் தாயாரின் போனில் ரேஷன் கடைச் செய்திகள் மாதக்கணக்கில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தன; எல்லாம் விளம்பரம் என்று அவர் அழித்துக்கொண்டிருந்தார். கடையிலேயே ‘வணக்கம்’ என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பணம் அனுப்புவதற்கும் வழி உண்டு: 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘யுபிஐ 123பே’ சேவையில், இணையம் இல்லாமலே அழைப்பின் மூலம் பணம் செலுத்தலாம்.

தென்றல் எழுதியது:
ஐயா, பால்காரர் வாசலில் நிற்கும்போது பதிவுக்குரல் சொல்லச் சொல்ல எண்களை அழுத்திக்கொண்டிருக்க முடியவில்லை. என் கணவர் இரு முறை முயன்று விட்டுவிட்டார். மின்கட்டணம் போன்ற அவசரமில்லாதவற்றுக்கு அது உதவலாம்.

மெய்ப்பாளன் எழுதியது:
நான் பட்டன் போனை விடப்போவதில்லை. ஆனால் வங்கியில் பதிவான எண்ணை இரண்டாவது சிம்முக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறேன். அந்தச் சிம் பழைய ஸ்மார்ட்போனில் இருக்கும். அந்தப் போன் சமையலறை அலமாரியை விட்டு நகராது. இரவு எட்டரை முதல் ஒன்பதரை வரை பள்ளிக் குழுவையும் கட்டணங்களையும் நான் பார்ப்பதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். வண்ணத்தாள் வாங்க ஓடுவதும் இனி நான்தான்.

தென்றல் எழுதியது:
ஒரு மாதம் கழித்து இங்கே மறுபடியும் எழுதுங்கள், ஐயா. உங்கள் கருத்தாக இல்லாமல், உங்கள் மனைவியார் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.