கொட்டிலுக்குக் கிட்ட இருந்த இரண்டும்தான் முதலில் போயின

பரந்தன் பக்கம், இரணைமடுத் தண்ணீர் பாயும் மாமாவின் வயலில், நீர்மட்டம் பார்க்க 12 சென்சார் வைத்தோம். வரம்போரம் தடி, தடியில் ஒரு பெட்டி, உள்ளே இரண்டு டபுள் ஏ பற்றரி. தகவல் பெட்டிக்குப் பெட்டி தாவிக் காவல் கொட்டிலுக்கு வரும். எப்போதும் ஆகக் கிட்டிய வழியால் அனுப்பும்படி எழுதியது நான்தான்.

ஐந்தாம் கிழமை கொட்டிலுக்கு ஒரு தகவலும் வரவில்லை. எல்லாமே போய்விட்டது என்று நினைத்து மல்டிமீற்றரோடு சேற்றில் இறங்கினோம். கடைசி வரம்புப் பெட்டியில் 3 வோல்ற் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான். கொட்டிலுக்குக் கிட்ட இருந்த இரண்டு மட்டும் 1.8 க்குக் கீழே.

மற்றப் பத்தும் சொன்னதை வாங்கி வாங்கிக் கொடுத்தே அவை ஓய்ந்திருந்தன. வாங்குவதற்கும் செலவு உண்டென்பது அன்றுதான் உறைத்தது. நாங்கள் பாவித்த சிசி2420 றேடியோ அனுப்பும்போது 17.4 மில்லியம்பியர் எடுக்கும், கேட்கும்போது 18.8. தூரத்துப் பெட்டி தன் சேதியைச் சொல்லிவிட்டு உறங்கிவிடும். இவை விழித்தே இருக்க வேண்டும்.

அப்புறம் லீச் (LEACH) படித்தோம், சென்சார்கள் முறை வைத்துத் தகவல் அனுப்பும் ஒரு வழிமுறை. 2000 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹெய்ன்செல்மன் குழு வெளியிட்டது. பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாய்ப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு தலைப்பெட்டி. அது மற்றவற்றின் அளவீடுகளைச் சுருக்கி ஒன்றாய் அனுப்பும். அடுத்த சுற்றில் வேறொன்று தலை. வாய்க்கால் தண்ணிக்கு முறை வைப்பதுபோலத்தான். ஆனால் மூல லீச் மிச்சப் பற்றரியைப் பார்க்காது, குலுக்கல்தான். நாங்கள் வோல்ற் பார்த்து முறை வைத்தோம். கொட்டிலடியில் இன்னும் இரண்டு பெட்டி நட்டு நாலுமாய்ச் சுமந்தன. அறுவடை வரை தாங்கியது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நெல் வளர வளர இணைப்பு அறும், திரும்பத் திரும்ப அனுப்பியே பற்றரி போகும். அன்ரனாவைக் கதிருக்கு மேலே உயர்த்துங்கோ.

——

முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன் தம்பி. எங்கட குளக்கட்டிலும் இதே பாடு, ஆனால் காரணம் வேறு. கால்மணிக்கு ஒருதரம் விழிக்க வைத்திருந்தோம். வெயில் சூட்டில் பெட்டிகளின் மணிக்கூடுகள் மெல்ல மெல்லப் பிசகி, ஒன்று பேசும்போது மற்றது உறக்கம். இப்போது விடியற்புறம் ஒருக்கா தலைப்பெட்டி நேரம் சொல்லும், மற்றவை திருத்திக்கொள்ளும். விழிப்பையும் முன்பின்னாய் இரண்டு நொடி கூட்டிவிட்டோம். சரி, உங்கட நாலு பெட்டிக்கும் முறை மாறுவது எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருதரம்?

——

ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அண்ணை. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்றியபோது, தலை ஆரென்று சொல்லவே பற்றரி போனது.