பிளேட்லெட் 92,000: பிரசவ வலிக்கு எபிடூரல் போடலாமா?

தாமிரபரணி36:
முதல் பிரசவம், 36 வாரம் முடிந்தது. வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி வேண்டுமா என்று அடுத்த செக்கப்பில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 28-வது வாரத்தில் 1.3 லட்சம், இப்போது 92,000. பிரஷர் இல்லை. போன வாரம் வரை ஈக்கோஸ்பிரின் 75 (குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை) எடுத்தேன். ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்கிறார் மாமியார். சிசேரியனில்தான் முடியும் என்கிறார் நாத்தனார். ஊசி வேண்டாம் என்றால் வேறு என்ன வழி?

மயக்கமருந்தியல்:
பிளேட்லெட்டில் எண்ணிக்கையைவிட அது இறங்கும் வேகத்தைப் பாருங்கள். கடைசி மாதங்களில் மெல்ல இறங்கி 90,000 பக்கம் நிற்பது பலருக்கு வருவதுதான். பிரஷரும் ஈரல் பரிசோதனையும் சரியாக இருந்து, எண்ணிக்கை 70,000-க்கு மேல் நிலையாக நின்றால் பெரும்பாலான மயக்க மருத்துவர்கள் போடுவார்கள். பிரஷர் ஏறி இரண்டே நாளில் 92,000-க்கு விழுந்திருந்தால் அது வேறு நோய். அப்போது சில மணி நேரத்துக்குள் எடுத்த ரிசல்ட் கையில் இல்லாமல் யாரும் ஊசியைத் தொட மாட்டார்கள். பயம் இதுதான்: தண்டுவட உறைக்கு வெளியே ரத்தம் கட்டி நரம்பை அழுத்துவது. மிக அபூர்வம், ஆனால் வந்தால் கால் செயலிழக்கலாம். ஈக்கோஸ்பிரின் மட்டும் தடையாகாது. ரத்தம் உறையாமல் இருக்க எனாக்ஸாபரின் ஊசி 40 மி.கி. தினமும் போடுபவர்கள் கடைசி ஊசியிலிருந்து 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள ரத்தக்கட்டுக்குச் சிகிச்சையாகப் போடும் கூடுதல் அளவு என்றால் 24 மணி நேரம்.

ஊசி உள்ளே தங்குவதில்லை. தோலை மரக்க வைத்து, கீழ் முதுகில் முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, அதன் வழியே மெல்லிய குழாயை 4-5 செ.மீ. உள்ளே விட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் (மரக்க வைக்கும் மருந்து) 3 மி.லி. முதலில் செலுத்துவார்கள். நாடித்துடிப்பு எகிறினால் குழாய் ரத்தக்குழாயில் இருக்கிறது; கால் சட்டென்று மரத்தால் தண்டுவட நீரில் இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் 0.1% அல்லது அதைவிட நீர்த்த பியூபிவகெயின் என்ற மரக்க வைக்கும் மருந்து, மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற வலி மருந்து சேர்த்து, 10-15 மி.லி. வலி அடங்க 15-20 நிமிடம் ஆகும்.

நாத்தனார் சொல்வது தவறு, ஊசியால் சிசேரியன் வாய்ப்பு அதிகமாவதில்லை. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளும், அது உண்மை. வாக்குவம், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பது அதிகமானதெல்லாம் 0.25% மருந்து போட்ட காலத்தில். ஆகவே எத்தனை சதவீதம் என்று தயங்காமல் கேளுங்கள். இடுப்பு வலி: குத்திய இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் நீடிக்கும் வலி ஊசி போடாதவர்களுக்கும் அதே அளவில் வருகிறது. பிறந்த பிறகு குனிந்தபடி பால் கொடுப்பதும் அதற்கு ஒரு காரணம்.

லேபர்வார்டு_அக்கா:
சார் சொன்னது எல்லாம் சரி. ஆனா முதல் கேள்வி வேற, தங்கச்சி. ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாரா, போன் பண்ணி வரவைக்கணுமா? வரவைக்கணும்னா முக்கால் மணி நேரம், அதுக்கு மேலயும் ஆகலாம். ஊசி போட்டப்புறம் பிரஷர் இறங்கும். முதல் 20 நிமிஷம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பார்க்கணும், குழந்தை துடிப்பைத் தொடர்ந்து பார்க்கணும். அதுக்கு ஆள் இருக்கான்னும் கேளுங்க. மூத்திரம் வர்றது தெரியாது, டியூப் விடுவாங்க.

வேற வழின்னா கேஸ் இருக்கு: பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். வலி உச்சத்துக்குப் போனப்புறம் இழுத்தா வீண். அது வேலை செய்ய அரை நிமிஷம் ஆகும், அதனால இறுக்கம் ஆரம்பிக்கும்போதே இழுக்கணும். மாஸ்க்கை நீங்கதான் பிடிக்கணும். மயக்கம் கூடினா கை தானா நழுவும், அதுதான் பாதுகாப்பு. பாசத்துல புருஷன் அழுத்திப் பிடிக்கக் கூடாது.

டிரமடால் ஊசி சுலபமாக் கிடைக்கும். வலி மட்டுப்படும், போகாது, குமட்டும். பெத்திடின் போட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல குழந்தை பிறந்தா மூச்சு மந்தமா இருக்கலாம். டிரோடாவெரின் ஊசியை வலி ஊசின்னு நினைச்சுக்காதீங்க, அது கர்ப்பப்பை வாய் திறக்கறதுக்கு.

தாமிரபரணி36:
நன்றி அக்கா. நாலு செ.மீ. திறக்கும் வரை பொறுக்க வேண்டுமா? வலி வந்த பிறகு மனம் மாறினால்?

மயக்கமருந்தியல்:
நாலு செ.மீ. என்பது பழைய கணக்கு. நிஜ வலி தொடங்கி, நீங்கள் கேட்டால் போதும். சூட்டு வலிக்குப் போடமாட்டார்கள். ஏழு எட்டு செ.மீ.யிலும் போடலாம், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வலி வரும்போது முதுகை வளைத்து அசையாமல் இருப்பது கஷ்டம். அசைந்தால் உறை கிழிந்து தலைவலி வரும் வாய்ப்பு கூடும். அது சுமார் நூற்றில் ஒருவருக்கு வருகிறது. உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். வீட்டுக்குப் போன பிறகு வந்தாலும் மாத்திரையில் சமாளிக்காமல் திரும்பப் போங்கள், உங்கள் ரத்தத்தையே செலுத்தி அந்தக் கிழிசலை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. மனம் மாறினால் தப்பில்லை, அதனால் இப்போதே மயக்க மருத்துவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். வலி வந்து சேரும் அன்று பிளேட்லெட்டை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

லேபர்வார்டு_அக்கா:
ஒண்ணு விட்டுப்போச்சு. எட்டு பத்துப் பேர்ல ஒருத்தருக்கு ஒரு பக்கம் மட்டும் மரக்கும், இல்லேன்னா சரியாப் பிடிக்காது. பொறுத்துக்காம உடனே சொல்லுங்க. குழாயை ஒரு செ.மீ. வெளியே இழுத்து, வலிக்கிற பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு இன்னொரு டோஸ் போட்டா நிறையப் பேருக்குச் சரியாயிடும். ஆகலைன்னா புதுசா போடணும்.