நியூசிலாந்து ஏபெல் டாஸ்மன் கடற்கரை நடை: குடில் பதிவு முதலிலா, ஓதம் பார்ப்பது முதலிலா?

தீர்த்தமலைத் தம்பி:
தர்மபுரியிலிருந்து நாலு பேர் போகிறோம். நான், மனைவி, மச்சான், அப்பா. அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, ஆனாலும் தீர்த்தமலையை இன்றைக்கும் மூச்சு வாங்காமல் ஏறுவார், இறங்கும்போதுதான் முழங்கால் தகராறு. அக்காவும் மாமாவும் நியூசிலாந்தில் நெல்சன் நகரத்தில் இருக்கிறார்கள். பொங்கலை ஒட்டி அங்கே போய் ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்காவின் கடற்கரைப் பாதையை முழுசாக நடப்பது திட்டம். மொத்தம் 60 கிலோமீட்டர். தெற்கே மராஹாவில் ஆரம்பித்து வடக்கே வைனூயியில் முடிப்பது, மூன்று இரவு. மச்சான் “பாதையில் இரவு தங்கும் குடிலை உடனே பதிவு பண்ணு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்கிறான். மாமாவோ “ஓதம் பார், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்க்காமல் தேதி போடாதே” என்கிறார். வீட்டில் தினமும் இதே பேச்சு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ஓட்டக்காரன்:
மச்சான் சொல்வதுதான் சரி. அங்கே டிசம்பர், ஜனவரி கோடை, பள்ளி விடுமுறை வேறு. நம் ஊர் ஆட்கள் ‘நடுவில் எங்கேயாவது படுத்துக்கொள்ளலாம்’ என்று கிளம்புவார்கள், அது அங்கே நடக்காது. குடிலோ, டென்ட் போடும் இடமோ, எதுவானாலும் முன்பதிவு இருந்தால்தான் தங்க முடியும், வருடம் முழுக்க அப்படித்தான். பாதையில் இருப்பதே நாலு குடில்: ஆங்கரேஜ், பார்க் பே, அவரோவா, ஃபாரிஃபாராங்கி. நாலு பேருக்கு ஒரே இரவில் கட்டில் கிடைப்பதே பெரிய விஷயம். ஓதம் கீதம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் கட்டில் போய்விடும். கடல் ஏறியிருந்தால் என்ன, கரையில் உட்கார்ந்து கடலை கொறித்துவிட்டு வற்றியதும் நடக்க வேண்டியதுதானே.

பென்னாகரத்தான்:
கடலை கொறிக்கலாம் தம்பி, எத்தனை மணி நேரம் என்றுதான் கேள்வி. இந்தப் பாதையில் மற்ற இடங்களில் ஓதம் பெரிய தொந்தரவு இல்லை. டாரன்ட் பேயிலும் பார்க் பேயிலும் கடல் ஏறியிருந்தால் சுற்றிப் போக மேட்டுப் பாதை இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் நடை, அவ்வளவுதான். அவரோவா கழிமுகத்துக்கு மாற்று வழியே கிடையாது. கடல் முழுசாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னாலிருந்து இரண்டு மணி பின்னால் வரைக்கும்தான் அதில் இறங்கிக் கடக்கலாம். அதுவும் காலை நனைத்துக்கொண்டுதான், முழங்கால் வரை தண்ணீர் இருக்கும், அடியில் சிப்பி காலைக் கிழிக்கும். செருப்போடு இறங்க வேண்டும்.

நம்ம ஒகேனக்கல்லில் கர்நாடகாவில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று பார்க்காமல் பரிசலுக்கு யாராவது டிக்கெட் எடுத்து வைப்பார்களா? அது மாதிரிதான் இதுவும். ஒரே வித்தியாசம், காவிரியில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது, கடல் எப்போது வற்றும் என்பது பல வருடத்துக்கு முன்பே அட்டவணையில் வந்துவிடும். கையில் இருக்கிற தகவலைப் பார்க்காமல் குருட்டாம்போக்கில் தேதி போடுவது எதற்கு?

ஓசூர் ஓட்டக்காரன்:
பென்னாகரத்து அண்ணா, நீங்கள் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. கணக்கே போடுவோம். மதியம் இரண்டு மணிக்குக் கடல் வற்றுகிறது என்று வையுங்கள். பன்னிரண்டரைக்கே இறங்கலாம். அவரோவாவிலிருந்து ஃபாரிஃபாராங்கி 16.9 கிலோமீட்டர், பூங்காக்காரர்கள் சொல்லும் நேரம் ஐந்தரை மணி. ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஜனவரியில் அங்கே இரவு ஒன்பது வரைக்கும் வெளிச்சம் இருக்கும். இதில் என்ன ஆபத்து?

பென்னாகரத்தான்:
இரண்டு மணி என்று உங்களுக்கு வசதியான நேரத்தை எடுத்துக்கொண்டீர்கள். மாலை நாலரை என்று எடுங்கள். மூன்று மணிக்கு முன் இறங்க முடியாது, ஐந்தரை மணி நேரம் நடந்தால் எட்டரை, அதுவும் எங்கேயும் உட்காராமல். காலையில் வற்றுவது அதற்குப் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால், அதாவது நாலு மணி, அந்த வாசல் ஆறு மணிக்கு மூடிவிடும், பெரும்பாலான நேரம் இருட்டு. இருட்டில் அறுபது தாண்டிய மனிதரைக் கழிமுகத்தில் இறக்கப் போகிறீர்களா? இந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரம் தள்ளினால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மாறிவிடும். இந்த வாரம் மாலை என்றால் அடுத்த வாரம் காலை பத்து மணிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நான் கேட்பது ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளிப் பதிவு செய்யுங்கள் என்பதுதான்.

இன்னொன்று, அறுபது கிலோமீட்டரை மூன்று இரவில் முடிக்க எந்தக் குடிலைத் தாண்டப் போகிறீர்கள்? ஆங்கரேஜிலிருந்து நேராக அவரோவா என்றால் ஒரே நாளில் 22 கிலோமீட்டர், மேட்டுப் பாதையில் போனால் 25. முதுகில் நாலு நாள் சாப்பாட்டோடு. நாலு இரவு வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்த்தமலைத் தம்பி:
நாலு இரவு என்றால் எனக்கு விடுப்பு இடிக்கிறது. மே மாதம் போனால்? பள்ளி விடுமுறை, மனைவிக்கும் வசதி (அவள் டீச்சர்).

மாங்கனி (காவேரிப்பட்டணம்):
மே வேண்டாம் தம்பி. நமக்குக் கத்திரி வெயில், அவர்களுக்குக் குளிர்காலம் வாசலில் நிற்கும். கூட்டம் இருக்காதுதான், ஆனால் ஐந்தேகால் வாக்கில் இருட்டிவிடும். அந்தச் சின்னப் பகலுக்குள் கடல் வற்றும் நேரமும் விழ வேண்டும், பாக்கி நடையும் முடிய வேண்டும்.

நீங்கள் இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டே சண்டை போடுகிறீர்கள். தெற்கிலிருந்து வடக்கே போக வேண்டும் என்று யார் சொன்னது? கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் திருப்பித்தான் நடந்தோம். மராஹாவில் காலையில் வாட்டர் டாக்சி (வாடகைப் படகு) ஏறினால் வடக்கே டொட்டாரனூயி கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து அவரோவா கழிமுகம் இரண்டு மணி நேர நடைதான். மதியம் இரண்டானாலும் சரி, மாலை நாலரை ஆனாலும் சரி, நிதானமாகப் போய்ச் சேர்ந்து, கடந்தால் எதிர்க்கரையிலேயே அவரோவா குடில். பென்னாகரத்தார் பயப்படுகிற அந்த நாலரை மணி இந்தத் திசைக்கு நல்ல நேரம். அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்றாக பார்க் பே 13.5 கிலோமீட்டர், ஆங்கரேஜ் அதிகபட்சம் 11.5, மராஹாவ் 12.4. மூன்று இரவு, அவசரமே இல்லை. அப்பாவுக்கு நடுவில் முழங்கால் மக்கர் பண்ணினால் பார்க் பேயிலோ ஆங்கரேஜிலோ படகு ஏற்றிவிடலாம்.

ஓசூர் ஓட்டக்காரன்:
அக்கா, அது முழு நடை ஆகாது. டொட்டாரனூயிக்கு வடக்கே இருப்பதுதான் அந்தப் பாதையிலேயே அமைதியான பகுதி, படகு அங்கே போகாது, அதனால்தான் கூட்டமும் இல்லை. ஃபாரிஃபாராங்கி குடில் பழைய பண்ணை வீடு, அதையே விட்டுவிட்டு வருவதா? தெற்குப் பகுதியில் கயாக் படகு ஓட்டுகிறவர்களும் பகல் பயணிகளுமாக ஊட்டி சீசன் மாதிரி இருக்கும்.

மாங்கனி (காவேரிப்பட்டணம்):
வடக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தெற்கை அப்படி ஒதுக்க வேண்டாம். டோங்கா தீவுப் பக்கம் 1993லிருந்தே கடல் காப்பகம், மீன் பிடிக்கத் தடை, கடல்நாய்கள் இருக்கும். அவரோவாவில் ஒரு கடற்கரைத் துண்டு தனியார் கையில் இருந்து விற்பனைக்கு வந்தபோது 2016இல் பொதுமக்களே இணையத்தில் நன்கொடை திரட்டி இருபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். நம் பக்கத்து ஏரி ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று நினைத்தால் வயிறு எரிகிறது, அது வேறு கதை.

வேலைவெட்டி இல்லாதவன்:
மணலில் நடக்க இவ்வளவு செலவா? கோகர்ணா போங்கள், ஓம் பீச்சிலிருந்து பாரடைஸ் பீச் வரை நடந்து, மறுநாள் தர்மபுரி வந்துவிடலாம்.

பென்னாகரத்தான்:
கோகர்ணா நல்ல இடம்தான், ஒரு பகலில் முடிந்துவிடும். அவர் நாலு நாள் நடை கேட்கிறார்.

தீர்த்தமலைத் தம்பி:
மாங்கனி அக்கா சொன்ன திசை பிடித்திருக்கிறது. சாப்பாடு? அம்மா ராகி மாவு, மாங்காய் ஊறுகாய், எள்ளுருண்டை, தேன் எல்லாம் கட்டத் தயாராக இருக்கிறார்.

மாங்கனி (காவேரிப்பட்டணம்):
தேன் கூடவே கூடாது, எடுத்துப் போகாதீர்கள். மற்றதை விமான நிலையப் படிவத்தில் ஒன்று விடாமல் எழுதுங்கள், அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஷூவையும் எழுத வேண்டும். தீர்த்தமலை மண் ஒரு துளி அடியில் ஒட்டியிருக்கக் கூடாது, பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கடையில் சீல் வைத்த பாக்கெட் என்றால் பேச்சு சுலபம், வீட்டு ஊறுகாய்க்கு விளக்கம் சொல்லியே நேரம் போகும்.

குடிலில் மெத்தை, தண்ணீர், கழிவறை உண்டு, அடுப்பு கிடையாது. அடுப்பை இங்கிருந்து கொண்டு போகலாம், கேஸ் கேனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அதை நெல்சனில் அக்காவை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். களி கிண்டுவதெல்லாம் மறந்துவிடுங்கள், சின்ன அடுப்பு தாங்காது, கூழ் வேண்டுமானால் காய்ச்சலாம். மணல் ஈ என்று ஒன்று இருக்கிறது, நம் கொசு அதன் கால் தூசுக்கு வராது, மருந்து பூசாமல் உட்காராதீர்கள். வேக்கா என்று ஒரு பறவை, பறக்காது, ஆனால் பையைத் திறந்து வைத்தால் எள்ளுருண்டை அதற்குத்தான்.

ஓசூர் ஓட்டக்காரன்:
சரி, திசையை மாற்றியே போகட்டும். ஆனாலும் சொல்கிறேன், ஓத அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தால் அவரோவா கட்டில் இருக்காது. பதிவு திறக்கும் நாளில் உட்கார வேண்டும்.

பென்னாகரத்தான்:
ஒரு வாரம் எதற்கு? ஒரு பேப்பரில் ஜனவரி முழுக்க வற்றும் நேரத்தை இன்றைக்கே எழுதி வைத்துவிட்டால் பதிவு திறக்கும் அன்று தேதியைத் தட்ட வேண்டியதுதான். அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தீர்த்தமலைத் தம்பி:
அப்படியே செய்கிறேன். மதியம் ஒன்றிலிருந்து நாலரைக்குள் வற்றுகிற நாட்களாகக் குறித்து வைக்கிறேன், முதல் இரவு அவரோவா. மச்சான்தான் வடக்கு முனையை விட மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

மாங்கனி (காவேரிப்பட்டணம்):
அவரை ஒரு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள். வைனூயிக்குச் சாலை வழியாக வேன் போகும், இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் ஃபாரிஃபாராங்கி குடில். அங்கே தூங்கி எழுந்து மறுநாள் டொட்டாரனூயிக்கு நடந்து வந்தால் படகிலிருந்து இறங்கும் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம். அவருக்கு அந்த ஒரு இரவைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், வேனையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் கிடையாது.