கீபோர்டில் யூஎஸ்பி செருகினாலே இரைச்சல்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

என் இசைக் கீபோர்டின் லைன் அவுட் (ஒலி வெளியேறும் சாக்கெட்), ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் போகிறது. மிடி (எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்ற தகவல்) பதிவுக்காக அதே கீபோர்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு யூஎஸ்பி கேபிள். ஆடியோ கேபிள் மட்டும் இருந்தவரை ஸ்பீக்கர் அமைதி. யூஎஸ்பியைச் செருகியதும் 'கீ...' என்று ஒரு மெல்லிய ஊளை. மவுஸை அசைத்தால் அதுவும் கூடவே நெளியும், திரையை உருட்டினால் கரகரக்கும். கீபோர்டின் வால்யூமை அடியோடு குறைத்தாலும் அப்படியேதான் இருந்தது. ஆக, சத்தம் கீபோர்டின் டோனில் இல்லை, வேறு வழியாக வருகிறது.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றினேன். சுத்தமாக நின்றுவிட்டது!

விஷயம் இதுதான். சார்ஜரிலிருந்து வரும் இரைச்சல் மின்னோட்டம் ஸ்பீக்கரின் எர்த்தை நோக்கிப் போகப் பார்க்கிறது. யூஎஸ்பி கேபிளைப் போட்டதும் அதற்குக் கீபோர்டு வழியாக இன்னொரு பாதை கிடைக்கிறது. அங்கிருந்து ஆடியோ கேபிளின் ஷீல்டில் (கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) ஏறுகிறது. ஒரே சிக்னல் கம்பியும் ஷீல்டும் மட்டும் உள்ள அன்பேலன்ஸ்டு கேபிளில் ஷீல்டும் சிக்னல் போகும் பாதைதான் என்பதால், அதில் என்ன ஓடினாலும் வாசிப்போடு சேர்ந்து கேட்கும்.

பேட்டரியிலேயே எப்போதும் ரெக்கார்டிங் செய்ய முடியாது. யூஎஸ்பியை எடுத்துவிட்டு, பழைய 5 பின் மிடி கேபிளை இன்டர்ஃபேஸின் மிடி இன்னில் போட்டேன். 1983இல் வந்த அந்த மிடி தரத்திலேயே, வாங்கும் பக்கம் ஆப்டோகப்ளர் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. தகவல் ஒளியாகத் தாண்டுகிறது. அந்தக் கேபிள் வழியாக இரு கருவிகளுக்கும் நடுவே மின் தொடர்பே இல்லை. இதையெல்லாம் அன்றே யோசித்து வைத்திருக்கிறார்கள், நாம்தான் யூஎஸ்பி வந்ததும் தூக்கிப் போட்டோம்.

*

நல்ல விளக்கம் நண்பரே. ஆனால் என் கீபோர்டில் 5 பின் சாக்கெட்டே கிடையாது. நான் யூஎஸ்பி ஐசொலேட்டர் (தகவலை மட்டும் விட்டு மின் தொடர்பைத் துண்டிக்கும் கருவி) போட்டேன், ஊளை போய்விட்டது. வாங்குமுன் வேகத்தைப் பாருங்கள். பல ஐசொலேட்டர்கள் 12 எம்பிபிஎஸ் வரைதான் போகும். மிடிக்கு அது தாராளம். யூஎஸ்பி வழியாகவே ஆடியோவும் அனுப்பும் கீபோர்டுக்குப் போதாமல் போகலாம். யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் சின்னக் கீபோர்டுகளுக்கு அது தரும் கரண்ட் போதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

எனக்கு வந்தது ஊளை இல்லை, 'ம்ம்ம்' என்ற ஹம். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், அதன் மேல் 100, 150. காதுள்ளவர்களுக்கு அடையாளம்: இடது கைப் பக்கம் 49 ஹெர்ட்ஸ் ஜி சுரம் இருக்கிறதே, அதைவிட ஒரு துளி ஷார்ப்பாக (உயர்வாக) ஒலிக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் ஏ ஷார்ப் சுரத்துக்கும் பி சுரத்துக்கும் நடுவே நிற்கும்.

என் ஸ்டேஜ் பியானோவுக்கு மூன்று பின் பிளக். அது ஒரு சுவரில், ஸ்பீக்கர்கள் எதிர்ச் சுவரில். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியதில் பெரும்பகுதி குறைந்தது. மிச்சத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கீபோர்டின் சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் பெட்டி), அதில் கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). அதற்கு முன்பு ஆடியோ கேபிளில் போடும் ஒரு மலிவான டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர் போட்டுப் பார்த்தேன். ஹம் போனது, கூடவே இடது கையின் பேஸும் போனது. குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த சுரங்களைத் தாங்காது.

பேலன்ஸ்டு கேபிள் (இரண்டு சிக்னல் கம்பியும் தனி ஷீல்டும் உள்ளது) வாங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். கீபோர்டின் அவுட்புட்டே அன்பேலன்ஸ்டு என்றால் கேபிள் மட்டும் என்ன செய்யும்? பெரும்பாலான கீபோர்டுகள் அப்படித்தான்.

அப்புறம், எர்த் பின்னை வெட்டச் சொல்லும் யோசனை எங்கும் உலவுகிறது. ஹம் நிற்கும்தான். ஆனால் உள்ளே ஏதாவது பழுதானால் கருவியின் உலோக உடலில் மின்சாரம் ஏறி, தொட்டவரை அடிக்கும். லிஃப்ட் செய்ய வேண்டியது ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டுமே.

டிஐ பாக்ஸில் அந்த ஸ்விட்சைத் தட்டும்போது ஸ்பீக்கர் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள், 'டப்' என்று அடிக்கும்.